ஆர்ஓ மெஷின் பிரித்த உப்பு எங்கே போகிறது? சமையலறை சிங்க் முதல் நெம்மேலி, திருப்பூர் வரை: சவ்வுத் தொழில்நுட்பம் பற்றி ஒரு விளக்கம்

வீட்டில் ஆர்ஓ மெஷின் ஓடும்போது கவனித்திருப்பீர்கள். மேலே டேங்கில் தண்ணீர் நிறைந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் பின்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்று சிங்க்கில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் நல்ல தண்ணீர் சேர்வதற்குள் இரண்டு, மூன்று குடம் அந்தக் குழாய் வழியாகப் போய்விடும். "மெஷின் தண்ணியை வேஸ்ட் பண்ணுது" என்று மெக்கானிக்கிடம் பலர் சண்டை போடுவது இதற்காகத்தான்.

உண்மையில் மெஷினுக்கு வேறு வழியில்லை. அதற்குள் இருக்கும் சவ்வு, அதாவது மெம்பரேன், உப்பை அழிப்பதில்லை. பிரிக்க மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்தால், இன்னொரு பக்கம் உப்பு கூடிய தண்ணீர் வந்தே தீரும். சென்னை அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலும், திருப்பூரின் சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களிலும் நடப்பது இதே கதைதான். ஆனால் அங்கே அந்த 'மெல்லிய குழாய்' பெரிய பிரச்சினை.

மாங்காயில் உப்பு போட்டால் என்ன ஆகும்?

நறுக்கிய மாங்காய்த் துண்டுகளில் கல்லுப்பைத் தூவி ஒரு இரவு வைத்தால், காலையில் ஜாடிக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். நாம் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்க மாட்டோம். மாங்காய்க்குள் இருந்த தண்ணீர்தான் உப்பைத் தேடி வெளியே வந்திருக்கிறது. உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்தால் அது உப்பி விடுவதும் இதே காரணத்தால்தான். செல்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு தண்ணீரை விடும், கரைந்திருப்பதை எளிதில் விடாது. அதனால் அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து அடர்த்தி கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகிறது.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதற்குச் 'சவ்வூடு பரவல்' என்று பெயர். நல்ல சொல்தான், தேர்வு எழுதி முடித்ததும் யாரும் பயன்படுத்துவதில்லை என்பது தனிக்கதை. உப்புப் பக்கத்தில் அழுத்தம் கொடுத்து, தண்ணீரை எதிர்த்திசையில் போக வைத்தால் அது எதிர் சவ்வூடு பரவல். நாம் சொல்லும் ஆர்ஓ இதுதான்.

எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை உப்பின் அளவே முடிவு செய்கிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீருக்கு எதிர்ப்பு 1 பார்கூட இருக்காது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதன் எதிர்ப்பு மட்டும் சுமார் 27 பார். கார் டயரில் இருப்பது 2 பாருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஆர்ஓ-வுக்குப் பின்னால் ஒரு சௌரிராஜன்

கடல்நீரைச் சவ்வு வழியாக அழுத்தினால் உப்பு நின்றுவிடும் என்பது 1950களின் இறுதியிலேயே தெரியும். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீட், பிரெட்டன் என்ற இருவர் செல்லுலோஸ் அசிடேட் என்ற பொருளில் செய்த படலத்தை வைத்து அதைக் காட்டிவிட்டார்கள். உப்பு நன்றாக நின்றது. ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. படலம் தடிமனாக இருந்தால் தண்ணீர் வராது. மெல்லியதாக இருந்தால் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும்.

அந்தச் சிக்கலை உடைத்தவர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிட்னி லோப், சௌரிராஜன் ஆகிய இருவர். ஆம், சௌரிராஜன்தான். திருக்கண்ணபுரம் பெருமாளின் பெயரைக் கொண்ட, இந்தியாவில் பிறந்த விஞ்ஞானி. கடையில் வாங்கிய வடிகட்டும் படலத்தைச் சூடாக்கிச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. ஒரே படலம் ஒரு முறை நன்றாக உப்பைத் தடுத்தது, இன்னொரு முறை தடுக்கவில்லை. பிறகுதான் புரிந்தது, படலத்துக்கு இரண்டு முகம் இருக்கிறது. திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

காய்ச்சிய பாலில் ஆடை படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே மெல்லிய ஆடை, கீழே பால். அதுபோல மேலே மிக மெல்லிய, நெருக்கமான தோல். கீழே அதைத் தாங்கிப் பிடிக்க, துளைகள் நிறைந்த தடித்த அடுக்கு. உப்பைத் தடுப்பது அந்தத் தோல் மட்டுமே. இப்படி வேண்டுமென்றே 'இரண்டு முகம்' உள்ள சவ்வை 1960 வாக்கில் இருவரும் உருவாக்கியதும், தண்ணீர் வரும் வேகம் பழைய படலங்களைவிடப் பத்து மடங்கு அளவுக்குக் கூடியது.

1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிறிய ஊரில் இந்தச் சவ்வுகளை வைத்து ஊருக்கே தண்ணீர் கொடுக்கும் முதல் ஆர்ஓ ஆலை ஓடத் தொடங்கியது. நிலத்தடி நீர் உப்பாகிப் போனதால் ஒரு காலத்தில் ரயிலில் குடிநீர் வந்த ஊர் அது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு அந்த ஊரின் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

இன்றைய மெம்பரேனுக்குள் என்ன இருக்கிறது?

பழைய மெம்பரேனைத் தூக்கிப் போடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பாய் சுருட்டியது போல, வெள்ளைத் தாளும் வலையும் மாறி மாறிச் சுருட்டப்பட்டிருக்கும். அந்தத் 'தாள்' மூன்று அடுக்கு. அடியில் பாலியஸ்டர் துணி, நடுவில் துளைகள் கொண்ட பிளாஸ்டிக், மேலே பாலிஅமைடு என்ற தோல். வேலை செய்வது மேலே இருப்பதுதான். அதன் தடிமன் 100 முதல் 200 நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு.

இந்தத் தோலை 1970களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் ஜான் கடாட் என்ற அமெரிக்க வேதியியலாளர். தண்ணீரில் கரைந்த ஒரு ரசாயனமும், எண்ணெய் போன்ற திரவத்தில் கரைந்த இன்னொன்றும் சந்திக்கும் இடத்தில் சட்டென்று ஒரு தோல் உருவாகும். உருவான தோலே இரண்டையும் பிரித்துவிடுவதால் அதற்கு மேல் தடிக்காது. இன்றைக்கு வீட்டு மெஷினிலும், கடல்நீர் ஆலையிலும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு: குளோரின். கிருமியைக் கொல்லக் குடிநீரில் கலக்கும் குளோரின், இந்தத் தோலையும் அரித்துவிடும். மெம்பரேனுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். கார்பன் ஃபில்டரை மாற்றாமல் இழுத்தடித்தால் விலை கூடிய மெம்பரேன் சீக்கிரம் போய்விடும். மெக்கானிக் சொல்வதில் இது ஒன்று நிஜம்.

சவ்வு என்றாலே ஆர்ஓ என்று நினைக்க வேண்டாம். துளை பெரிதாக இருந்தால் கலங்கலையும் பாக்டீரியாவையும் மட்டும் நிறுத்தும் மைக்ரோ ஃபில்ட்ரேஷன், அதைவிடச் சின்ன துளையில் வைரஸையும் பிடிக்கும் அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், அதற்கும் கீழே நானோ ஃபில்ட்ரேஷன் என்று வரிசை போகும். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதும் ஒரு சவ்வுதான். 4 மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்குச் சுமார் 120 லிட்டர் சுத்தமான தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் ஆர்ஓ-விலிருந்து வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும், ஆர்ஓ தோலுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை ஓயவில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் கரைந்து மறுபக்கம் வருகின்றன என்பதுதான் பல பத்தாண்டுகளாகப் பாடம். அப்படியில்லை, மிக நுண்ணிய துளைகள் வழியாகக் கூட்டமாகவே ஓடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் மெனாகெம் எலிமெலெக் குழு 2023-ல் ஆய்வு வெளியிட்டது. உலகமே குடிக்கும் தண்ணீர், ஆனால் வரும் வழி இன்னும் விவாதத்தில்!

வீட்டுக் குழாயில் போவது அவ்வளவு கெட்ட தண்ணீரா?

ஒரு சின்ன கணக்கு போடலாம். உங்கள் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் உள்ளே போகிறது. மொத்த உப்பு 4,000 மில்லிகிராம். 1 லிட்டர் நல்ல தண்ணீர் 100 மில்லிகிராம் உப்போடு வெளியே வருகிறது. மீதி 3,900 மில்லிகிராம், 3 லிட்டரில் இருக்கிறது. அப்படியானால் கழிவுக் குழாயில் வருவது லிட்டருக்கு 1,300 மில்லிகிராம். உள்ளே போனதைவிட 30 சதவீதம்தான் உப்பு கூடுதல்.

அதனால் அதைச் சாக்கடையில் விட வேண்டியதில்லை. வீடு துடைக்க, கழிப்பறைக்கு, பாத்திரத்தின் முதல் அலசலுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். செடிகளுக்குத் தினமும் அதையே ஊற்றினால் மண்ணில் உப்பு படியும். மழைக்காலத்தில் எப்போதாவது ஊற்றுவது வேறு.

சரி, குறைவாக வீணாக்கும்படி மெஷின் செய்ய முடியாதா? முடியும். ஆனால் மீதத் தண்ணீர் குறையக் குறைய அதில் உப்பு அடர்த்தியாகும். கெட்டிலில் படிவது போல வெள்ளைப் படிவு சவ்வின் மீதே படிந்து அடைக்கும். வீட்டு மெஷினில் மூன்று பங்கை ஓட விடுவது, அந்தச் சவ்வைக் கழுவிவிடுவதற்கும் சேர்த்துத்தான். கழிவுத் தண்ணீரைக் குறைக்கிறேன் என்று சிலர் அந்தக் குழாயை இறுக்கிவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் மெம்பரேன் செலவு வந்து நிற்கலாம்.

இன்னொரு கேள்வி: உங்களுக்கு ஆர்ஓ தேவையா? இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் வீட்டு ஆர்ஓ-வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் குறைந்தது 60 சதவீதத் தண்ணீரை மீட்கும் மெஷின்களை மட்டும் அனுமதிக்கவும் விதி கொண்டுவரும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒன்றை மட்டும் கவனிக்கவும்: டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் அளக்கும். கிருமி இருக்கிறதா, ஆர்சனிக் இருக்கிறதா என்று அது சொல்லாது. மீட்டரில் 150 காட்டுவதால் மட்டும் தண்ணீர் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை.

கடலுக்கே திரும்பும் உப்பு

சென்னைக்கு மீஞ்சூர் ஆலை 2010-லும், நெம்மேலி ஆலை 2013-லும் வந்தன. இரண்டும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியிலேயே 15 கோடி லிட்டர் கூடுதல் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கடல்நீரை 60 பார் அளவு அழுத்தத்தில் தள்ள வேண்டும். 600 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூணின் எடைக்குச் சமம். இன்றைய நல்ல ஆலைகள் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் எடுக்கின்றன. கழிவாகப் போகும் உப்பு நீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் கடல்நீருக்கே மாற்றிக் கொடுக்கும் கருவி வந்த பிறகுதான் இவ்வளவு குறைந்தது. இந்தக் கணக்கில் பேரூர் போன்ற ஆலை முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட் தேவை.

அதற்குக் கீழே எவ்வளவு இறங்க முடியும்? பாதித் தண்ணீரை மீட்பதாக இருந்தால், எவ்வளவு அற்புதமான சவ்வு வந்தாலும் 1,000 லிட்டருக்குச் சுமார் 1 யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. அது இயற்பியல் போட்ட கோடு. "கிராஃபீன் சவ்வு வந்தாச்சு, இனி கடல்நீர் கிட்டத்தட்ட இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை இந்த ஒரு எண்ணை வைத்தே எடை போட்டுவிடலாம்.

சரி, உப்பு? கடல்நீரில் பாதியைக் குடிநீராக எடுத்தால், மீதிப் பாதியில் லிட்டருக்கு 70 கிராம் உப்பு. அது கடலுக்கே திரும்பிப் போகிறது. உலகம் முழுக்க இப்படி நாளொன்றுக்கு 14.2 கோடி கன மீட்டர் அடர் உப்பு நீர் உருவாகிறது என்றும், கிடைக்கும் நல்ல தண்ணீர் 9.5 கோடி கன மீட்டர்தான் என்றும் ஐ.நா. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2019-ல் கணக்கிட்டது. அடர் உப்பு நீர் கனமானது. சரியாகக் கலக்காவிட்டால் கடலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆழத்தில், பல முனைகள் வழியாகப் பீய்ச்சி அடித்தால் விரைவில் கலந்துவிடும் என்பது பொறியாளர்கள் பதில். ஆலைகளை ஒட்டிய குப்பங்களின் மீனவர்கள், மீன்பாடு குறைவதாகவும் கரை அரிப்பதாகவும் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். குடிநீர் நகரத்துக்கு, உப்பு அவர்கள் வலை போடும் இடத்துக்கு என்பதுதான் அவர்களின் ஆதங்கம்.

கடலுக்குப் போவதற்கு முன் சென்னைக்கு இன்னொரு நீர்நிலை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: கழிவுநீர். முகம் சுளிக்க வேண்டாம். வீட்டுக் கழிவுநீரில் உப்பு கடலில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். அதனால் அழுத்தமும் மின்சாரமும் மிகக் குறைவு. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், ஆர்ஓ வழியாகச் சுத்தம் செய்து மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். சிங்கப்பூர் 2003 முதல் இதையே 'நியூவாட்டர்' என்ற பெயரில் செய்து, ஒரு பகுதியைக் குடிநீர் ஏரிகளிலும் கலக்கிறது.

திருப்பூர்: உப்புக்குப் போக்கிடம் இல்லாத ஊர்

கடற்கரை ஆலைக்குக் கடல் இருக்கிறது. திருப்பூருக்கு அது இல்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் நிறைய உப்பு போட வேண்டும். சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும். உப்பு அப்படியே தண்ணீரோடு வெளியே வரும். சாதாரண சுத்திகரிப்பில் நிறம் போகும், நாற்றம் போகும், உப்பு போகாது. அந்தத் தண்ணீர் நொய்யலில் விடப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் உப்பாகின, நிலம் வீணானது. தண்ணீரைச் சேமிக்கக் கட்டிய அணையைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் 700-க்கும் மேற்பட்ட சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்பது நிபந்தனை. ஊரே ஸ்தம்பித்தது. மீண்டும் திறக்க வழி செய்தது சவ்வுத் தொழில்நுட்பம்தான். கழிவுநீரை முதலில் பாக்டீரியாவை வைத்துச் சுத்தம் செய்து, பிறகு அல்ட்ரா ஃபில்ட்ரேஷன், பிறகு ஆர்ஓ பல கட்டம். 10 லிட்டரில் 8, 9 லிட்டர் நல்ல தண்ணீராகிச் சாயப்பட்டறைக்கே திரும்புகிறது.

கஷ்டம் அந்தக் கடைசி 1 லிட்டரில் இருக்கிறது. அதில் உப்பு அவ்வளவு அடர்த்தி. சாதாரண ஆர்ஓ-வால் அதற்கு மேல் பிழிய முடியாது. காய்ச்சித்தான் ஆவியாக்க வேண்டும். 1,000 லிட்டர் தண்ணீரை வெறுமனே ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் தேவை. ஆவியின் சூட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆவியாக்கிகளில் இது மிகவும் குறையும், ஆனாலும் ஆர்ஓ செலவோடு ஒப்பிட முடியாத உயரம். விறகும் நிலக்கரியும் எரிகின்றன. கடைசியில் கிடைக்கும் உப்பிலும் நல்லது மறுபடி சாயத்தொட்டிக்குப் போகிறது; பல உப்புகள் கலந்த மிச்சத்தை யாரும் வாங்குவதில்லை. அது மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது, மழை படாமல் காக்க வேண்டும். ஆற்றுக்குப் போன உப்பு இப்போது மூட்டையில் இருக்கிறது. இது முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் பிரச்சினை முடிந்தது என்று சொல்ல முடியாது.

ஆய்வுக்கூடத்தில் இப்போது என்ன?

புதிய சவ்வு என்றால் 'இன்னும் வேகமாகத் தண்ணீர் விடும் சவ்வு' என்றுதான் பல காலம் ஓடினார்கள். நம் செல்களில் தண்ணீரை மட்டும் கடத்தும் அக்வாபோரின் என்ற புரதத்தைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் அக்ருக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது; அந்தப் புரதத்தையே சவ்வில் பதிக்கும் முயற்சிகள் வந்தன. மான்செஸ்டரில் ராகுல் நாயர் குழு 2017-ல் கிராஃபீன் ஆக்சைடு சவ்வின் இடைவெளியைக் கட்டுப்படுத்தி உப்பைத் தடுத்துக் காட்டியது. 2021-ல் பென்சில்வேனியா, டெக்சாஸ் ஆய்வாளர்கள், தோல் எவ்வளவு மெல்லியது என்பதைவிட எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே முக்கியம் என்று மின்னணு நுண்ணோக்கி வழியாகக் கண்டார்கள்.

ஆனால் மேலே சொன்ன 1 யூனிட் கோட்டை நினைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் ஆலையின் அளவு சிறிதாகலாம், மின்கட்டணத்தில் பெரிய மாற்றம் வராது. திருப்பூருக்குத் தேவை வேறு. எந்த உப்பு போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சவ்வு. நானோ ஃபில்ட்ரேஷன் இதில் ஏற்கெனவே கைகொடுக்கிறது: சோடியம் குளோரைடைப் பெருமளவு விட்டுவிடும், சாயத்தொட்டியில் பயன்படும் சோடியம் சல்பேட்டை நிறுத்திவிடும். கலந்த உப்புக்கு விலை இல்லை. பிரித்த உப்புக்கு உண்டு. வழக்கமான ஆர்ஓ-வின் இருமடங்கு அழுத்தம், அதாவது 120 பார் தாங்கும் சவ்வுகளும் வந்துவிட்டன. ஆவியாக்கிக்குப் போகும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் குறைக்க அவை உதவும்.

தேய்ந்துபோன மெம்பரேன்களுக்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. பெரிய ஆலைகளில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கழற்றப்படும் இவை பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகின்றன. ஸ்பெயினில் ஆய்வாளர்கள் அவற்றை வேண்டுமென்றே குளோரின் கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார்கள். மேலே இருந்த பாலிஅமைடு தோல் அரித்துப் போய், அடியில் இருந்த துளையுள்ள அடுக்கு மட்டும் மிஞ்சியது. உப்பைத் தடுக்காது, ஆனால் கலங்கலையும் கிருமியையும் நிறுத்தும். பழைய ஆர்ஓ சவ்வு இப்படி அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் சவ்வாக இரண்டாவது முறை வேலைக்குப் போகிறது.